மேத்ஸ் குரூப் எடுக்கட்டும்



மார்ச் பிறந்தாலே மகளிர் தின அழைப்பிதழ்கள் நம் அலுவலக மேசையில் குவிந்துவிடும். கோலப் போட்டி, சமையல் போட்டி, தவறினால் பட்டிமன்றம். (எல்லாம் வேண்டியதுதான். பாயசப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டால் மறுக்கும் தைரியம் எனக்கு இல்லை.) இந்த முறை அந்தத் தேதிக்கு இன்னொரு விசேஷத்தையும் சேர்த்துக்கொள்வோம். உலகில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு விமானி உரிமம் கிடைத்ததும் ஒரு மார்ச் 8 அன்றுதான். ஆண்டு 1910, நாடு பிரான்ஸ், பெயர் ரேமண்ட் தெ லரோஷ்.

பிரான்ஸ் இருக்கட்டும். நம் ராஜபாளையத்துக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்பு உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னையில் முதல்வராக இருந்தவர் நம்மூர் பி.எஸ். குமாரசாமி ராஜா. குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் என்று இன்றும் பெரியவர்கள் சொல்லிக் கேட்கிறோம். அவர் ஆட்சியில்தான், 1951இல், சென்னை அரசுக்காக இங்கிலாந்தில் 'டி ஹாவிலாண்ட் டவ்' என்ற விமானம் வாங்கப்பட்டது. அதை ஓட்டிவரப் போனவர்கள் கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். போனது கப்பலில். திரும்பியது அந்தப் புது விமானத்தில், பாரிஸ், பாக்தாத், கராச்சி வழியாக. 27 மணி நேரத்தில் பம்பாயில் இறங்கியது அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை.

உஷா கல்யாணத்துக்குப் பிறகு பறக்கப் பழகியவர். பிரிவினைக் கலவர நாட்களில் கணவருடன் டகோட்டா விமானத்தில் போய், கலவரப் பகுதிகளில் சிக்கிக்கொண்டவர்களை ஏற்றி வந்தவர். பெங்களூரு ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் தேறிய முதல் பெண்ணும் அவர்தான். நாய்க்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம்; ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன்: சென்னையில் விலங்குகளைக் காக்கும் புளூ கிராஸ் அமைப்பை உண்டாக்கியதும் இதே தம்பதிதான்.

அவ்வளவு பழைய கதை இருந்தும், நம் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை "பைலட் ஆவேன்" என்றால் வீட்டில் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுகிறோம்.

போன மாதம் சோழபுரத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருந்தார். மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மகள் பத்தாம் வகுப்பு. "வெமானம் ஓட்டணுங்கிறா. கண்ணாடி வேற போட்டிருக்கா. எங்களுக்கு இதெல்லாம் ஆகுமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். மகளின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். பின்பக்கத்தில் பாதியில் நின்ற ஒரு முக்கோணவியல் கணக்கு. நின்ற இடம் வரை சரியாகத்தான் போட்டிருந்தாள்.

அம்மா, கண்ணாடியைப் பற்றிக் கவலை வேண்டாம். கண்ணாடி போட்டுப் பார்வை முழுமையாக இருந்தால் பயணிகள் விமானம் ஓட்டத் தடையில்லை. நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். விமானப் படையில் விமானம் ஓட்டுவதற்கு மட்டும் பார்வை விதிகள் கடுமையானவை.

பணம்தான் பெரிய கேள்வி. அதை மூடி மறைத்து ஆசை காட்ட மாட்டேன். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு கிட்டத்தட்ட அரைக் கோடியைத் தொடும். உரிமம் கையில் வந்த மறுநாளே வேலை என்றும் சொல்ல முடியாது. அதனால் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு ஓடாதீர்கள். முதலில் காசு கேட்காத வாசல்களைத் தட்டிப் பாருங்கள்.

முப்படை அதிகாரிகளை உருவாக்கும் தேசிய பாதுகாப்பு அகாதெமி அப்படி ஒரு வாசல். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2021இலிருந்து பெண்களும் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள். முதல் அணிப் பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். படிப்பும் பயிற்சியும் அரசு செலவு. விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து "இறங்கு, ஏறு, காத்திரு" என்று விமானிக்கே உத்தரவு போடும் வேலை இன்னொன்று. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரியும் பொறியியல் படித்தவரும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தேர்வு எழுதி அங்கே போகலாம். என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் மிகப் பொருத்தம். ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. விமானத்தைப் பழுது பார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் பராமரிப்புப் பொறியாளர் வேலையும் உண்டு.

"ராத்திரி வேலையாச்சே" என்பார்கள் சொந்தக்காரர்கள். நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலை மில் வேனில் வந்திறங்கும் பெண்களைத் தினமும் பார்க்கிற ஊர் நம்முடையது. அப்போது வாய் திறக்காதவர்கள் இப்போது மட்டும் ஏன் பேசுகிறார்கள்? இந்தியாவில் விமானிகளில் ஏற்கெனவே பெண்கள் 12 சதவீதத்துக்கும் மேல். உலக சராசரி அதில் ஏறத்தாழ பாதிதான்.

மேலே சொன்ன வாசல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி ஒன்றே: பிளஸ் ஒன் சேர்க்கை விண்ணப்பத்தில் எழுதும் குரூப். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வேறு குரூப் படித்துவிட்டுப் பிறகு திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் எழுதித் தேறியவர்களும் உண்டு. ஆனால் அது சுற்றுவழி. மே மாதம் மார்க் வந்ததும், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கஷ்டமான குரூப்பு" என்று அவசரமாக வேறு பக்கம் தள்ளிவிடாதீர்கள். முடிவெடுக்கும் முன் கணக்கு டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து போய் விமானத் துறையில் எந்த வேலை பார்த்தாலும் சரி, சகோதரிகளே, எங்களுக்கு எழுதுங்கள். மாணவிகளின் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்ல, அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் ஒதுக்கத் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்