தூளிக்குப் பாஷை ஏது?

"சங்கீதத்துக்கு மொழி கிடையாது" என்று சபா மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். அது எவ்வளவு தூரம் நிஜம் என்று பார்க்கச் சபாவுக்குப் போக வேண்டாம் சகோதரிகளே, தூளிப் பக்கம் போனாலே போதும்!

என் ஓர்ப்படி கேரளத்துப் பெண். குழந்தையோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒத்தாசைக்கு அவள் அம்மாவும் வந்து ஒரு மாதம் தங்கினார். என் மாமியார் பாடுவது நம் ஊர் ஆராரோ. சம்பந்தியம்மாள் பாடுவது 'ஓமனத்திங்கள்' தாலாட்டு. திருவிதாங்கூரில் 1813-ல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றியது அது.

"நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நம்ம பாஷையில் பாடினால் ஆகாதா? இரண்டையும் கேட்டுக் குழம்பிப் போவான்" என்று மாமியாருக்குக் குறை. ஓர்ப்படி வாய் திறக்கவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது. பிள்ளையாண்டானோ இரண்டு பாட்டுக்கும் சமர்த்தாகத் தூங்கினான்!

இதில் அதிசயம் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 144 கைக்குழந்தைகளுக்கு, அவை கேட்டே இராத அந்நிய பாஷைப் பாட்டுகளைப் போட்டுப் பார்த்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மற்றப் பாட்டுகளைவிடத் தாலாட்டு கேட்கும்போது குழந்தைகளின் இதயத் துடிப்பு நிதானப்பட்டதாம். பாட்டு எந்தத் தேசத்தது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

பெரியவர்களையும் விடவில்லை. 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேருக்கு உலகின் பல மூலைகளிலிருந்து 14 விநாடிப் பாட்டுத் துணுக்குகளைப் போட்டார்கள். இது 2018-ல் வெளிவந்தது. தாலாட்டையும் ஆட்டப் பாட்டையும் கேட்டவர்கள் நன்றாகவே இனம் கண்டார்கள். காதல் பாட்டில்தான் தடுமாறிவிட்டார்கள்! ஆக, எல்லாப் பாட்டும் எல்லோருக்கும் புரிந்துவிடாது. தாலாட்டு புரிகிறது.

காரணம் அதன் நடைதான். மெதுவான ஓட்டம், நாலைந்து சுரம், திரும்பத் திரும்ப வரும் ஒரே மெட்டு. 'தால்' என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். நாக்குக்கு ஏது தேசம்?

இதைச் சொன்னதும் மாமியார், "அப்படியா சங்கதி!" என்றார். பிறகு ஒரு நாள் சம்பந்தியம்மாளை உட்கார்த்தி வைத்து அந்த மெட்டைக் கேட்டுக் கொண்டார். மலையாள வார்த்தை வராத இடத்தில் ஆராரோ போட்டு நிரப்பிக் கொள்கிறார்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "எனக்குக் குரல் இல்லை" என்று செல்போனில் தாலாட்டைப் போட்டுத் தூளியருகே வைத்துவிட்டுப் போகாதீர்கள். சுருதி பிசகினாலும் பரவாயில்லை, வார்த்தை மறந்தால் 'ம்ம்' என்று முனகுங்கள். பிறந்த வீட்டுப் பாட்டோ புகுந்த வீட்டுப் பாட்டோ, குழந்தைக்கு இரண்டும் சொந்தம்தான். அப்பாக்களும் பாடலாம், தடையில்லை!