ரத்தம் சொன்ன சாட்சி

ஆகாய விமானம் ஒன்று விழுந்து நொறுங்கினால் மறுநாளே ஜனங்கள் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். என்ஜின் கோளாறு என்பார்கள். இல்லையென்றால் விமானியின் தவறு என்பார்கள். விமானியும் மனிதர்தானே, அவருக்கும் மயக்கம் வரலாம், மார்பு அடைக்கலாம் என்ற நினைப்பு கடைசியில்தான் வருகிறது.

2019 ஜனவரி 21-ந் தேதி இரவு, பிரான்சின் நான்ட் நகரிலிருந்து பிரிட்டனிலுள்ள கார்டிஃபுக்கு ஒற்றை என்ஜின் பைப்பர் விமானம் ஒன்று புறப்பட்டது. உள்ளே இருவரே: விமானியும், எமிலியானோ சாலா என்ற கால்பந்து வீரரும். ஆங்கிலக் கால்வாயில் விமானம் விழுந்தது. விமானியின் உடல் அகப்படவில்லை. சாலாவின் சடலம் கிடைத்தது. அவருடைய ரத்தத்தைப் பரிசோதித்தபோது, ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தைக் கார்பன் மோனாக்சைடு பற்றிக்கொண்டிருந்தது தெரியவந்தது.

என்ஜின் கக்கும் புகையிலுள்ள வாயு இது. நிறமில்லை, வாசனையில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். மலைக்குளிருக்குப் பயந்து, பூட்டிய அறைக்குள் கரியடுப்பு மூட்டித் தூங்கினவர்கள் காலையில் எழுந்திராமல் போகிறார்களே, அதே எமன்தான். பயணி சுவாசித்த காற்றைத்தான் விமானியும் சுவாசித்தார்; ஆகையால் அவரும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றது விசாரணை. இரவில் பறக்க அவருக்கு லைசென்ஸ் இல்லை என்பதையும் அது மறைக்கவில்லை. நியாயமான விசாரணை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பெரிய விமானத்தில் ஒருவர் சோர்ந்தால் பக்கத்தில் இன்னொருவர் உண்டு. சிறு விமானத்தில் பெரும்பாலும் கறுப்புப் பெட்டிகூடக் கிடையாது. விமானியின் உடலே கறுப்புப் பெட்டி.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. வாகைக்குளத்தில் ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. 2025 ஜூலையில் புது நிலையமும் திறந்தாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கயத்தாறு ஓடுபாதையில் விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்கும் யோசனையும் எழுந்ததுண்டு. தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள் விமானி ஆவது நல்லதுதான். ஆனால் ஒரு நாள் பயிற்சி விமானம் ஒன்று வயலில் விழுந்துவிட்டால்?

சடலம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். லாரி மோதி இறந்தவருக்குச் செய்யும் பிரேதப் பரிசோதனை இதற்குப் போதாது. விமானியின் உடலைத் தாமதமின்றி, கூடுமானால் விமான விபத்தில் அனுபவமுள்ள நிபுணரே பரிசோதிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பெங்களூரில் விமானப் படையின் விண்வெளி மருத்துவக் கழகம் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் இருவரை அங்கே அனுப்பிப் பழக்கி வைப்பதில் சர்க்காருக்கு என்ன நஷ்டம்? இருதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது என்று எழுதுவது சுலபம். அந்த அடைப்புதான் அந்த நிமிஷத்தில் அவரைச் சாய்த்ததா என்று சொல்லத்தான் பயிற்சி வேண்டும். அது தெரியாமல் ‘விமானியின் தவறு’ என்று எழுதி ஃபைலை மூடினால், வீட்டிலிருக்கும் மனைவி மக்கள் ஆயுள் முழுதும் அந்தப் பழியைச் சுமக்க வேண்டியதுதான்.

நம் ஊர் வெயிலில் ஹீட்டர் ஏது, விஷவாயு ஏது என்று சிலர் கேட்கலாம். புகைக்குழாய் விரிசல் கண்டால் ஹீட்டர் போடாமலே வாயு உள்ளே நுழையும். எச்சரிக்கும் கருவியோ உள்ளங்கையில் அடங்குவது. பிரிட்டனில் பயணிகளை ஏற்றும் பிஸ்டன் என்ஜின் விமானங்கள் பலவற்றில் 2025 முதல் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். கயத்தாறில் பள்ளி வருமானால், முதல் விமானம் கிளம்புமுன்பே அந்தக் கருவி அதில் இருக்கட்டும்.