மலையில வச்சுப் பாருங்க!



டெய்லர் "அளவு கரெக்டா இருக்கும்மா" என்று சொன்னால் அப்படியே வாங்கிக்கொண்டு வருவோமா? போட்டுப் பார்த்து, கையைத் தூக்கிப் பார்த்து, "அக்குள்ல பிடிக்குதுண்ணா" என்று திருப்பிக் கொடுப்போம். சாஃப்ட்வேரிலும் இது உண்டு. பெயர் 'பயனர் ஏற்புச் சோதனை'. செய்தவங்க ஆயிரம் தடவை சோதிச்சாலும் பத்தாது. கடைசியில் உபயோகிக்கப் போறவங்க தங்கள் கையாலேயே ஓட்டிப் பார்த்து, "சரி, எடுத்துக்கறோம்" என்று சொல்ல வேண்டும். "திருத்திட்டு வாங்க" என்றும் சொல்லலாம். இந்த இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

ஓட்டு மிஷின் பக்கத்தில், நாம் போட்ட சின்னத்தைச் சீட்டில் 7 விநாடி காட்டும் பெட்டி இருக்கிறதே, விவிபேட், அதை 2011 ஜூலையில் தேர்தல் கமிஷன் 5 இடங்களில் வைத்துப் பார்த்தது. வெயில் கொளுத்தும் ஜெய்சால்மர், மழை கொட்டும் சிரபுஞ்சி, குளிரில் நடுங்கும் லடாக், அப்புறம் திருவனந்தபுரம், கிழக்கு டெல்லி. குறைகளைத் திருத்தி, 2012-ல் மறுபடியும் சோதனை. 2013 செப்டம்பரில்தான் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதன்முதலாக நிஜ ஓட்டுக்கு வந்தது. இன்றும் ஓட்டுப்பதிவு அன்று காலையில், கட்சி ஏஜெண்டுகள் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட்டு எண்ணிக் காட்டுகிறார்கள். சந்தேகப்படுகிறவர் கண் எதிரிலேயே சோதனை! (ஓட்டு மிஷினை உருவாக்கியதில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. அவர் பெங்களூரு பெல் நிறுவனத்தில் இன்ஜினியர்.)

ரேஷன் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2020-லிருந்து விரல் ரேகை வைத்துதான் சாமான் வாங்குகிறோம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி, கடுக்காய் பொறுக்கி, களை வெட்டி எங்க ஆயாவுக்கு ரேகையே தேஞ்சு போச்சு. "அடுத்த வெரல வைங்க ஆயா" என்று பத்து விரலும் வச்சாச்சு. கடைசியில் ஒன்று விழுந்தது, சிக்னல் போய்விட்டது! அன்றைக்குக் கூலியும் போச்சு, அரிசியும் இல்லை. கடைக்கார அண்ணன் என்ன பண்ணுவார், பாவம்.

இப்போது பல கடைகளில் கருவிழி பார்க்கும் கருவியும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் முதலிலேயே நாலு மலை ஆயாக்களின் விரலை வைத்துப் பார்த்திருந்தால், அது அன்றைக்கே தெரிந்திருக்குமே? சோதிக்காமலா அனுப்பியிருப்பாங்க, சோதிச்சிருப்பாங்க. யார் விரலை வச்சு என்பதுதான் என் கேள்வி.

"உங்க ஆயாவுக்கு கம்ப்யூட்டர் பத்தி என்னடி தெரியும்?" என்று என் தோழி சிரித்தாள். தெரியாதவங்கதான் வேணும்! தெரிஞ்சவங்க தப்பான பட்டனை அமுக்கவே மாட்டாங்க, அப்புறம் மிஷினோட தப்பு எப்படி வெளியே வரும்?

அடுத்து எந்த மிஷின், எந்த ஆப் வந்தாலும் முதல் மாசம் எங்க கல்வராயன் மலையில வச்சுப் பாருங்க. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, எங்கே வேணும்னாலும் சரி. ஐப்பசி மழையில, கரண்ட் போன நேரத்துல பாருங்க. எங்க ஆயா முதல் ஆளா வந்து நிப்பாங்க. ஆனா அவங்க "திருத்திட்டு வாங்க"ன்னு சொன்னா, திருத்திட்டுத்தான் வரணும்!

— 9ஆம் வகுப்பு மாணவி