ஐயன் துப்பாக்கிக்கு கறுப்பு வார்னிஷ் வேண்டாம்

2024 தேர்தலுக்காக மார்ச் மாசம் ஸ்டேஷன்ல ஒப்படைச்ச துப்பாக்கி ஜூன் மாசம்தான் கைக்கு வந்துச்சு. வாங்கிட்டு வந்து திண்ணையில வெச்சுப் பார்த்தேன். மரக்கட்டை முழுக்க வெள்ளைப் பூஞ்சை. ஒரு பக்கம் விரல் நுழையற அளவுக்கு நசுங்கல். வார்னிஷ் செதில் செதிலா உரிஞ்சு நிக்குது. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலைங்க.

டவுன்ல இருக்கிறவங்களுக்குத் துப்பாக்கின்னாலே சினிமாதான் ஞாபகம் வரும். எங்க பக்கம் மலையடிவாரம். கடலை போட்டா காட்டுப்பன்றி, கரும்பு போட்டா யானை. பன்றியைச் சுடறதுக்காக இதை வெச்சிருக்கலைங்க, அதுக்கு 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு. ராத்திரியில வானத்தைப் பார்த்து ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான் இதோட வேலை. பன்னிரண்டு போர், ஒற்றைக் குழல். எங்க ஐயன் வாங்கினது. அவர் போனதும் வாரிசுன்னு மனு போட்டு, கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்து லைசென்சை என் பேருக்கு மாத்தினேன்.

மகன் பெங்களூர்ல இருந்து வந்தப்போ, "இதைத் தூக்கிப் போட்டுட்டு ஃபைபர் கட்டை மாட்டிக்கலாம்பா, மழை வெயில் எதுவும் பண்ணாது" என்றான். எங்க ஊர் ஆசாரி, "ரெண்டு நாள் குடுங்க மாமா, சீலர் அடிச்சு டார்க் கலர் பாலிஷ் ஏத்திக் கண்ணாடி மாதிரி தர்றேன்" என்றார். ரெண்டு பேரும் நல்லதுக்குத்தான் சொன்னாங்க. எனக்கு ரெண்டுமே பிடிக்கலை. வீட்டு வாசல்லயே உட்கார்ந்து நானே செஞ்சேன். இரும்புப் பக்கம் கை வைக்கிறது லைசென்ஸ் வாங்கின கடைக்காரர் வேலை, அதுக்கு நான் போகலை. மரத்தை மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டேன்.

முதல்ல பழைய வார்னிஷைப் பெயின்ட் ரிமூவர் தடவி எடுத்தேன். கண்ணாடிச் சில்லால சுரண்டறவங்க உண்டு. அவசரத்துல மரத்தையும் சேர்த்துச் சுரண்டிடுவாங்க. அப்புறம் இரும்போட மரம் சேர்ற விளிம்பு பள்ளமாகிப் போகும், அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது.

நசுங்கின இடத்துக்கு வைத்தியம் ரொம்பச் சுலபம். ஈரத்துணியை அது மேல போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு நிமிஷம் வெச்சு எடுக்கணும். ஆவி உள்ள போனதும் அமுங்கிக் கிடந்த நார் மெல்ல எழுந்திரிக்கும். நாலு தடவை வெச்சதுல முக்கால்வாசி மேல வந்துடுச்சு. மரம் பிய்ஞ்சு போயிருந்தா மட்டும் இது பலிக்காது, அமுங்கினது வரும், போனது வராது. பிறகு உப்புத்தாள். 120, 180, 240ன்னு படிப்படியா, ரேகை போற திசையிலயே தேய்க்கணும். நடுவுல ஒரு தடவை ஈரத்துணியால துடைச்சுக் காய விட்டா, மரத்துல பூனை முடி மாதிரி சிலும்பு எழும்பும். அதையும் தேய்ச்சு எடுத்துடணும். இல்லைன்னா முதல் எண்ணெய் பட்டதும் மறுபடி எழும்பிக்கும்.

அப்படித் தேய்ச்சிட்டு இருக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். கை பிடிக்கிற கழுத்துப் பகுதியில, இரும்பு முடியற இடத்துக்குப் பின்னால ஒரு மயிரிழை விரிசல். ஒரு விரல் நீளம் இருக்கும்.

ஸ்டேஷன்ல கீழே போட்டாங்களான்னு எனக்குத் தெரியாது, பழி போடவும் மனசு வரலை. ஏன்னா பதினஞ்சு வருஷம் முந்தி அந்தக் கறுப்பு வார்னிஷை அடிச்சது நான்தான். கடைத்தெருவுல யாரோ வெச்சிருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு அடிச்சேன். அந்த விரிசல் அதுக்கு அடியில எத்தனை வருஷமா இருந்துச்சோ. வெடிக்கும்போது வர்ற உதை அவ்வளவும் அந்தக் கழுத்துலதான் இறங்கும். அதைக் கன்னத்துல வெச்சுக்கிட்டு எத்தனை ராத்திரி சுட்டிருக்கேன்! போன வருஷம் மகனும் என் பக்கத்துலயே நின்னான்.

அதனாலதான் சொல்றேன், துப்பாக்கிக் கட்டைக்கு உள்ளே இருக்கிறதை மறைக்கிற பூச்சே ஆகாது. பார்க்க அழகா இருக்கும், சரிதான். அழகுக்கு அடியில என்ன நடக்குதுன்னு தெரியாது. அதோட, கெட்டிப் பூச்சுல ஒரு கீறல் விழுந்தா அது வழியா உள்ள போன ஈரம் சீக்கிரம் வெளிய வராது. பூச்சு அங்கங்கே வெளுத்துக் கொப்பளிக்கும். ஒரு இடத்துல மட்டும் ஒட்டுப் போடவும் முடியாது, மொத்தமா உரிக்கணும்.

எண்ணெய்தான் சரி. எங்க ஊர்ப் பட்டாளத்து மாமா ஒருத்தர், .303 ரைஃபிள் தூக்கினவர். அந்தக் கட்டைக்கெல்லாம் ஆளிவிதை எண்ணெய்தான்னு சொல்வார். தினம் ஒரு தடவையா ஒரு வாரம், அப்புறம் வாரம் ஒரு தடவையா ஒரு மாசம், பிறகு மாசம் ஒரு தடவை. இதுதான் அவர் கணக்கு. ஹார்டுவேர் கடையில டபுள் பாயில்டு லின்சீடு ஆயில்னு கேட்டா கொடுப்பாங்க. பச்சை எண்ணெய் காய நாள்கணக்கா ஆகும். உள்ளங்கையில நாலு சொட்டு விட்டு, கை சூடாகற வரைக்கும் தேய்க்கணும், மிச்சத்தைத் துடைச்சுடணும். தடிமனா விட்டா பிசுபிசுன்னு நின்னுடும். வீட்டுல இருக்கேன்னு தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் தடவாதீங்க. அது ரெண்டும் காயற ஜாதியே இல்லை, தூசியைத்தான் பிடிக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமா கேட்டுக்கங்க. ஆளிவிதை எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடவே கூடாது. காயறப்போ தானாவே சூடேறும், குவிஞ்சு கிடந்தா நெருப்பே பிடிக்கும். நான் முதல் நாள் தெரியாம சுருட்டி வைக்கோல் பக்கம் வெச்சுட்டேன். மாமா வந்து தொட்டுப் பார்த்துட்டு வாயில வராத வார்த்தையெல்லாம் சொன்னார். துணி வெதுவெதுன்னு இருந்துச்சு. இப்பெல்லாம் தண்ணியில முக்கி, வேலியில விரிச்சுப் போட்டுடறேன்.

சாயம் பத்தி எனக்கு வேற கருத்து. வாதுமைக் கட்டைக்கு அதோட நிறமே போதும். பூஞ்சை தேய்ச்சு எடுத்த இடம் மட்டும் வெளுத்திருந்ததால துண்டுப் பலகையில சோதனை பண்ணிப் பார்த்தேன். கடுக்காய்க் கஷாயம் தடவிக் காயவெச்சு, அது மேல துருப்பிடிச்ச ஆணி ஊறின தண்ணியைத் தொட்டா மசி மாதிரி கறுத்துடுது. துணிச் சாயக்காரங்க வித்தைதான் அது. நம்ம காரியத்துக்கு ரொம்ப அதிகம். கடைசியில கடையில விக்கிற வால்நட் சாயத்தை நல்லா நீர்க்கக் கரைச்சு, அந்த வெளுத்த இடத்துல மட்டும் ரெண்டு தடவை ஒத்தி எடுத்தேன். பக்கத்து நிறத்தோட சேர்ந்துடுச்சு. மொத்தக் கட்டையையும் ஒரே கலராக்கணும்னு நினைக்கிறது வீண் வேலை.

ஐயன் கன்னம் பட்டுப் பட்டு வழவழன்னு ஆன இடம் ஒண்ணு இருக்கு. அங்க உப்புத்தாளே வைக்கலை. கீழ் ஓரத்துல அவர் பீடி சுட்ட கறுப்புப் புள்ளி ஒண்ணு. மகன், "அதையும் எடுத்திருக்கலாமேப்பா" என்றான். "அதை நீ உன் காலத்துல எடுத்துக்கடா" என்றேன். அவன் ஒண்ணும் சொல்லலை, விரலால அதைத் தடவிப் பார்த்தான்.

விரிசலுக்கு நான் பசை போடலை. லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடையில கொடுத்திருக்கேன். உள்ளுக்குள்ள ஊசி வெச்சு ஒட்டித் தர்றேன்னார், மேல கலர் அடிச்சு மறைச்சுடலாம்னும் சொன்னார். வேண்டாம், கோடு தெரியட்டும்னு சொல்லிட்டு வந்தேன். அது வர்ற வரைக்கும் கடலைக் காட்டுல தகர டப்பாதான். ராத்திரி நானும் சம்சாரமும் மாத்தி மாத்தித் தட்டறோம்.

அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது போட்டோ எடுத்து வெச்சுக்கப் போறேன். ரசீதுல நம்பர் மட்டும் எழுதினா பத்தாது, கட்டை எந்த நிலையில இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதித் தாங்கன்னு கேட்கப் போறேன். எழுத மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கேட்பேன்.