பிள்ளைக் காம்பரா துரை போடும் பிச்சையல்ல

காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்க வேண்டும். கைப்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்தக் கேள்வி எழுந்ததை நாம் கண்டதில்லை. நமது சங்கமும் அதை உரக்கக் கேட்கவில்லை. இதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

நம்மில் வகுப்பறையில் நிற்பவர்களுக்கு இதன் விலை தெரியும். இடாப்பைப் புரட்டினால் போதும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள், கொழுந்து கூடிய மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "தம்பியப் பாத்துக்கிட்டேன் டீச்சர்" என்கிறார்கள். தாயின் பேர் செக்ரோலில் விழுவதற்காக மகளின் பேர் பள்ளிக்கூட இடாப்பில் விழாமல் போகிறது. இந்தப் பிள்ளைகள்தான் இன்று பல லயங்களின் சம்பளமில்லாத ஆயாக்கள்.

மூத்த பிள்ளை இல்லாத வீட்டில் காசு கொடுத்து விட வேண்டும். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 பிடித்தபின் கையில் வந்தது 1,242 ரூபா. பக்கத்து லயத்துப் பாட்டிக்கு ஒரு நாளைக்கு 300 ரூபா கொடுத்தால் அதில் மிஞ்சியது 942. பாட்டியைக் குறை சொல்லவில்லை. அவரும் முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்து இடுப்பு ஒடிந்தவர்தான். அரைப்பேர் விழுந்த நாளிலும் அவருக்கு முழுக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

அரசாங்கம் என்ன செய்கிறது? கர்ப்பிணித் தாய்க்குப் போஷாக்குக் கொடுப்பனவு உண்டு, திரிபோஷா உண்டு. நல்லது. அஸ்வெசுமவில் மிக வறிய குடும்பத்துக்கு 2025 முதல் மாதம் 17,500 ரூபா. அதுவும் கிடைத்தவர்களுக்கு. ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளை பராமரிப்புச் செலவென்று அதில் ஒரு சதம் தனியாக இல்லை. பிள்ளை பிறக்கும்வரை தாயைத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அவள் மறுபடி கூடையைத் தூக்கும்போது தெரியாமல் போய்விடுகிறது. அவள் பறிக்கும் கொழுந்தின் டொலர் மட்டும் தெரிகிறது.

"காம்பராவுக்கு ஆயா போட எங்களிடம் காசு இல்லை" என்று தோட்ட நிர்வாகம் சொன்னால் வாயை மூடிக்கொண்டு திரும்பாதீர்கள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. குறித்த எண்ணிக்கைக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த வேண்டும் என்கிறது அது. ஒரு வயதாகாத பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்கு இரண்டு இடைவேளை. காப்பகம் இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். மலையில் எத்தனை தாய்மாருக்கு இது கிடைக்கிறது? நேரம் எடுத்தவளுக்குக் கொழுந்து குறைந்துவிட்டதென்று அரைப்பேர் போடுகிற கங்காணிகளை நமக்குத் தெரியும். அவர்களில் சிலர் நமது அங்கத்தவர்கள் என்பதும் தெரியும்.

இன்னொரு ஆபத்து மெல்ல வருகிறது. சில கம்பெனிகள் தேயிலை மலையைப் பிரித்துக் குடும்பத்துக்கு இத்தனை செடி என்று கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குகின்றன. வருமானம் கூடும் என்கிறார்கள். சில மாதங்களில் கூடவும் செய்யலாம். ஆனால் செக்ரோலில் பேர் இல்லாத பெண்ணுக்கு எந்தத் துரை பிரசவக் காசு கொடுப்பார்? எவர் காப்பகம் நடத்துவார்? கையெழுத்து வைக்குமுன் இதைக் கேளுங்கள். புருஷன்மார் மட்டும் போய்க் கையெழுத்து வைக்கிற வழக்கத்தையும் நிறுத்துங்கள்.

நாம் கேட்பது இவை. காம்பரா பிரட்டுக்கு முன் திறந்து, அந்திக் கொழுந்து நிறுத்து முடியும்வரை திறந்திருக்க வேண்டும். காம்பரா இல்லாத தோட்டங்களிலும், செக்ரோலுக்கு வெளியே மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் தாய்மாருக்கும், பராமரிப்புச் செலவை அரசாங்கம் மாதக் கொடுப்பனவாகத் தர வேண்டும்.

அடுத்த சம்பள நாளுக்கு முன், ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் தலைவி ஒரு கொப்பி போடட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, பகலில் யாரிடம் இருக்கிறார்கள், அதற்கு எவ்வளவு காசு போகிறது, இதற்காகப் பள்ளிக்கூடம் போகாத அக்காமார் எத்தனை பேர் என்று எழுதித் தாருங்கள். அந்தக் கொப்பிகளோடுதான் இம்முறை தொழில் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் போகிறோம்.