முந்திரிக்கொத்தும் மஸ்கட்டும்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திரிக்கொத்து பொரிக்காத இல்லம் நம் பகுதியில் அரிது. அண்டிப்பருப்பு சேராத அப்பண்டத்துக்கு ஏன் அப்பெயர்? முந்திரி என்பது திராட்சையின் பழம்பெயர். பயற்றுருண்டைகள் இரண்டு மூன்றாய் ஒட்டித் திராட்சைக் குலைபோல் தோன்றுவதால் வந்த பெயர் அது.

வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் விழாவுக்கு வருகையில் வெள்ளைத் திராட்சை மதுக் குப்பி ஒன்று கொண்டுவருவதுண்டு. அதை எதனோடு பரிமாறுவது என வினவும் தாய்மாருக்காக இதனை வரைகிறேன். குடியால் குலைந்த இல்லங்கள் நம் பங்குகளில் உள. அங்கே இக்குப்பி வேண்டவே வேண்டா.

வெள்ளைத் திராட்சைகளுள் மணத்தால் தனித்து நிற்பது மஸ்கட். பிற திராட்சைகள் மதுவானபின் பழமணத்தைப் பெரிதும் இழக்கும். மஸ்கட்டோ பறித்த பழம்போலவே மணக்கும். ரோஜா எண்ணெயிலுள்ள ஜெரானியால் இதிலும் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை கருநிறமாயினும், அதன் பெற்றோருள் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட் என்னும் வெள்ளை இனமே. பன்னீர் என்று பெயரிட்டவர் மூக்கு பொய்க்கவில்லை!

இத்தாலியின் ஆஸ்தி வட்டாரத்து மஸ்கட் இனிப்பானது, இலேசாக நுரைப்பது. சாராயச் சத்து 5 விழுக்காட்டளவே. கடுமையான மது மிளகாயின் எரிவை மிகுவிக்கும். ஆகவே நம் மீன்குழம்புக்கு ஓரளவு ஈடுகொடுப்பது இதுவே. பிரான்சின் அல்சாஸ் மஸ்கட்டில் இனிப்பில்லை. காரம் குறைத்து அவித்த மீனுக்கு அது போதும். போர்ச்சுகலின் செதூபால் மஸ்கட் வேறு வகை. புனித சவேரியார் 1541-இல் கப்பலேறிய லிஸ்பனுக்குத் தெற்கே விளைவது. புளிக்கும்போதே திராட்சைச் சாராயம் சேர்த்து இனிப்பை நிறுத்தி, தோலோடு பல திங்கள் ஊறவிட்டு, மரப்பீப்பாயில் முதிரவைப்பர், தேன்நிறம் கொள்ளும். கருப்பட்டியும் ஏலமும் மணக்கும் முந்திரிக்கொத்துக்கு இதைவிடப் பொருத்தம் நானறியேன். சிறு கிண்ணத்தில் இரண்டு மிடறு போதும்.

திருப்பலிக்கும் பல இடங்களில் வெள்ளை இரசத்தையே விரும்புகின்றனர். பீடத் துகில்களில் கறை படியாது என்பதே காரணம். நிறத்தைத் திருச்சபை விதிக்கவில்லை. ஆனால் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் விதிப்படி, அது திராட்சைக் கனியினின்று வந்த இயற்கை இரசமாய், கெடாததாய் இருத்தல் வேண்டும். சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் இட்டு வீட்டுப் பரணியில் ஊறவைத்ததை, எத்துணை அன்போடு கொணர்ந்தாலும், பங்குத்தந்தை பீடத்தில் ஏற்க இயலாது. அவர் மறுத்தால் மனம் நோக வேண்டா.