சேணத்தைக் கண்டால் சினக்கும் குதிரை



சேணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே காதுகளைப் பின்னால் மடித்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு. வயிற்று வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வரும், வாலை விசிறும், பின்னங்காலைத் தூக்கும். உடனே 'திமிர் பிடித்தது' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. நமக்குத் திமிராகத் தெரிவது பெரும்பாலும் வலி.

முதலில் வயிற்றைப் பார்க்க வேண்டும். குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் ஓயாமல் சுரக்கிறது. அதைத் தணிப்பது எச்சில்; அதுவோ மெல்லும்போதுதான் ஊறும். நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்த விலங்குக்குக் காலையும் மாலையும் தானியம் வைத்துவிட்டு, இடையில் வெறும் வாயோடு கட்டிப்போட்டால் என்னாகும்? அமிலத்தைத் தாங்கும் படலம் இல்லாத இரைப்பையின் மேற்பகுதி புண்ணாகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள், வார் கட்டும்போது முரண்டுபிடித்த 37 குதிரைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். அவற்றில் அதிகம் தென்பட்ட காரணம் இரைப்பைப் புண்தான்.

அடுத்தது முதுகு. வயது, தீனி, வேலை இவற்றுக்கேற்பக் குதிரையின் தசை ஏறும், இறங்கும். போன வருடம் பொருந்திய சேணம் இந்த வருடம் முதுகெலும்பின் மேல் உட்காரலாம். சேணத்தை மாற்றிய பிறகும் சில குதிரைகள் முறைப்பதுண்டு. வலி போனாலும் அதன் நினைவு எளிதில் போவதில்லை.

குளிர்நாடுகளில் குதிரைக்குப் போர்த்தும் போர்வையும் இதே கதைதான். ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கும் தோல் அது. போர்வையின் விளிம்பு தோள்பட்டையில் நாள்கணக்கில் உரசுகிறது. வறண்ட குளிரில் உருவி எடுக்கும்போது நிலைமின்சாரம் சுருக்கென்று தைக்கிறது.

போர்வை வேண்டுமா என்று குதிரையையே கேட்டால்? நார்வே ஆய்வாளர்கள் கேட்டுவிட்டார்கள்! 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். கிடைக்கோடு என்றால் போர்த்து, நெடுங்கோடு என்றால் கழற்று, வெற்றுப் பலகை என்றால் இப்படியே விடு. 23 குதிரைகளும் கற்றுக்கொண்டன. ஈரக் குளிரில் போர்வை கேட்டன. வெயில் நாளில் கழற்றச் சொல்லின. 2016இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை.

குதிரை வளர்க்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சிடுசிடுப்பு புதிதாகத் தொடங்கியிருந்தால், அதட்டுவதற்கு முன் மருத்துவரை அழையுங்கள். வாரை ஒரே இழுப்பில் இறுக்காமல் ஒவ்வொரு துளையாக ஏற்றுங்கள். நடுவே நாலடி நடக்க விடுங்கள். சவாரிக்கு முன் கொஞ்சம் குதிரைமசால் கொடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அமிலத்தைத் தணிக்கும்; வயிறு வெறுமையாக இல்லாததால் ஓட்டத்தில் அமிலம் மேலே தெறிப்பதும் குறையும்.

அன்புடன்,
ஆசிரியர்